சோடி எண்டு விக்கிறது சோடி இல்லை

"ஒண்டு மட்டும் வாங்கி என்ன செய்யப் போறியள்? சோடியா எடுங்கோ. மேடையில வச்சாப் பாக்கவும் வடிவாயிருக்கும்."

கடைக்காரர் சொன்ன இந்த மூன்று வசனத்துக்குத்தான் எங்கட குழுவில் ஏழு பேர் விழுந்துவிட்டார்கள். நாங்கள் மொத்தம் பதினொரு பேர். கலைப்பீடத்துக்குள் ரோல்ஸ் விற்று, பிளேன்ரீ விற்று, ஒரு விழாவுக்குக் கதிரை அடுக்கிக் கொடுத்து, ஏழு மாதமாய்ச் சேர்த்த காசு 68,000 ரூபா. அதோடு இன்னும் கொஞ்சம் கடன் பட்டு, சிவப்பு வார்னிஷ் பூசின, கால்களோடு வருகிற ஒரு கொங்காச் சோடியை வாங்குவது என்று வட்ஸ்அப்பில் முடிவாகிவிட்டது. ஏழுக்கு நாலு. அந்த நாலு பேர்தான் இதை எழுதுகிறோம். முற்பணம் இன்னும் கட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேணுமாம். ஆகவே இது ஒரு தோற்ற கட்சியின் புலம்பல் இல்லை, இன்னும் முடியாத தேர்தலின் பிரசாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கட பிரச்சினை எங்களுக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. கோயில் பஜனைக்கும், சேர்ச் கொயருக்கும், பள்ளிக்கூட இசைக்குழுவுக்கும் எண்டு கொங்கா தேடித் திரிகிற எல்லாருக்கும் இதே சோடியைத்தான் காட்டுகிறார்கள்.

அந்தச் சோடியின் அளவு என்ன தெரியுமா? 10 அங்குலமும் 11 அங்குலமும். 

அளவு எண்டு நாங்கள் சொல்லுவது உயரத்தை இல்லை. கடையில் எல்லாக் கொங்காவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் நிற்கும், பெரும்பாலும் 30 அங்குலம். பழகுகிற ஆக்களுக்கெண்டு 28 அங்குலத்திலும் செய்கிறார்கள். அளவு என்பது தோல் போர்த்திய வாயின் விட்டம். அதுக்கேற்றபடி வயிறும் பெருக்கும், சிறுக்கும். இன்றைக்குத் தொழிற்சாலைகள் செய்கிற குடும்பம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: 9¾ அங்குலத்தில் ரெகிந்தோ, 11 அங்குலத்தில் கிந்தோ, 11¾ அங்குலத்தில் கொங்கா, 12½ அங்குலத்தில் தும்பா, அதுக்கும் மேலே 14 அங்குலத்தில் ஒரு பெரியண்ணன். கால் அங்குலம், அரை அங்குலம் கம்பனிக்குக் கம்பனி மாறும். குழப்பம் என்னவென்றால், கொங்கா என்பது முழுக் குடும்பத்துக்கும் பெயர், நடுப்பிள்ளைக்கும் பெயர். கியூபாவில் குடும்பத்தின் பெயர் தும்பதோரா. நாங்கள் இந்தக் கட்டுரையில் கொங்கா என்று சொல்வது நடுப்பிள்ளையை, அந்தப் பதினொன்றேமுக்கால் அங்குலத்தை.

இப்ப அந்தச் சிவப்புச் சோடியைத் திரும்பப் பாருங்கள். பத்தும் பதினொன்றும். ரெகிந்தோவும் கிந்தோவும். அதாவது குடும்பத்தில் ஆகக் கீச்சுக் குரல் உள்ள ரெண்டு பேர். தாயுமில்லை, தகப்பனுமில்லை, வீட்டில் சின்னப்பிள்ளைகள் ரெண்டு பேர் மட்டும் இருந்து கதைக்கிற சத்தம்தான் அதில் வரும். மரத்தைக் குறைத்து, தோலைக் குறைத்து, பெட்டியைச் சிறிதாக்கி, ரெண்டு எண்டு கணக்குக் காட்டுகிற சாமான் அது. ரெண்டு இருந்தால் சோடி ஆகிவிடாது. ஒண்டு கேட்க மற்றது பதில் சொல்லவேணும். இங்கே ரெண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்.

இதை நாங்கள் சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. இந்த வாத்தியம் பிறந்த இடத்திலேயே அதுக்கு வேலைப் பிரிவினை இருந்தது. ஹவானா, மத்தான்சாஸ் என்ற துறைமுக நகரங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்த உழைப்பாளிகளின் முற்றங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது றும்பா. 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த அதே றும்பாதான். தொடக்கத்தில் பல இடங்களில் முரசு கூட இல்லை. கருவாட்டுப் பெட்டியையும் மெழுகுதிரிப் பெட்டியையும் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். பெரிய பெட்டி அடிக்குரல், சின்னப் பெட்டி மேல்குரல். பிறகு தும்பதோராக்கள் வந்தபோதும் அதே ஒழுங்குதான். சாலிதோர் என்கிற கீழ்க்குரல் முரசு முதலில் புறப்பட்டுப் பாதையைப் போடும். நடுமுரசு அதுக்குப் பதில் சொல்லும். இந்த ரெண்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்க, மேலே கிந்தோ வந்து ஆடுகிறவரின் காலையும் தோளையும் பார்த்துப் பார்த்துப் பேசும். கொலும்பியா என்ற வகை ஆட்டத்தில் ஆடுகிறவருக்கும் கிந்தோக்காரருக்கும் இடையில் நடப்பது கிட்டத்தட்ட ஒரு சண்டை. எங்கட ஆக்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கூத்துக்களரியில் ஆட்டக்காரரின் காலுக்கு மத்தளம் பதில் சொல்கிறது போல.

ஆக, கிந்தோ என்பது ஒரு அளவின் பெயர் மட்டும் இல்லை, ஒரு வேலையின் பெயர். அந்த வேலைக்கு ரெண்டு நிபந்தனை: கீழே தாங்குகிற முரசு வேணும், முன்னால் ஆடுகிற ஆள் வேணும். எங்கட குழுவில் ரெண்டும் இல்லை. ரெண்டு கிற்றார், ஒரு கீபோர்ட், ஒரு வயலின், பாடுகிற ஆக்கள் அஞ்சாறு பேர், அவ்வளவுதான். இதில் பத்து அங்குலத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் அது யாரோடு கதைக்கும்?

சரி, எங்களோடு மோதின நியாயங்களுக்கு வருவோம்.

முதலாவது, "சின்னது சத்தம் கூட, ஸ்பீக்கருக்கு மேலால கேக்கும்." இதில் உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டோம். இறுக்கிக் கட்டின சின்னத் தோல் கூர்மையாய்ப் பேசும், மைக் இல்லாத திறந்தவெளியில் அது எடுபடும். ஆனால் நாங்கள் வாசிக்கிறது எங்கே? பீட மண்டபத்தில், நூறு பேருக்கு முன்னால். அங்கே எங்களுக்கு இருக்கிற குறை சத்தம் இல்லை, அடி. கிற்றார் ரெண்டும் மேலே கிலுகிலுக்கிறது, பாட்டு அதுக்கும் மேலே நிற்கிறது, கீழே வெறும் காற்று. போன வருசப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிற்றாரும் இல்லாத குழுவுக்கு இன்னொரு கீச்சுக்குரலை வாங்கிக் கொடுப்பது, பசிக்கிறவனுக்குச் சீப்பு வாங்கிக் கொடுப்பது மாதிரி.

ரெண்டாவது, "ஒண்டை வச்சு என்னத்தை வாசிக்கிறது?" இதைத்தான் நாங்கள் ஆக மோசமான நியாயம் என்று நினைக்கிறோம், ஏனென்றால் கேட்கத் தர்க்கம் போலவே இருக்கும். 1940 அளவில் ஆர்செனியோ றொட்ரிகெஸ், கண் தெரியாத அந்தத் த்ரெஸ் வாத்தியக்காரர், தன்னுடைய சொன் இசைக்குழுவுக்குள் தும்பதோராவைக் கொண்டுவந்தார். எத்தனை? ஒண்டு. அந்த ஒண்டு வந்தவுடனேயே முழுக் குழுவின் நடையும் கனத்தது. இன்றைக்கு நாங்கள் சல்சா என்று கேட்கிற பாட்டுகளின் கீழே ஓடுகிற அடி அந்த வழியில் வந்ததுதான். ஒரே ஆள் ரெண்டு, மூன்று கொங்காவை நிறுத்தி, வேறு வேறு சுருதியில் கட்டி வாசிக்கிற வழக்கம் பிறகு பரவினது. அதைப் பரப்பின முன்னோடிகளில் ஒருவர் கண்டிடோ கமேரோ, 1921இல் பிறந்து 2020 வரை வாழ்ந்தவர். அப்படியென்றால் ரெண்டு என்பது ஒண்டை நன்றாய் வாசித்தவர்கள் ஏறின அடுத்த படி. நாங்கள் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை.

ஒரு முரசில் என்ன இருக்கிறது எண்டு எண்ணிப் பாருங்கள். தும்பாவோ என்கிற அடிப்படை நடைக்கு எட்டு அடி. இடது உள்ளங்கை, இடது விரல், வலது கை சுள்ளென்று ஒரு அறை, திரும்ப இடது விரல், இடது உள்ளங்கை, இடது விரல், கடைசியில் வலது கையால் திறந்த அடி ரெண்டு. இந்த எட்டும் ஒரே தோலில். கீழ்க்குரல் நடுவில் இருக்கிறது, திறந்த குரல் விளிம்பில் இருக்கிறது, அறை இன்னொரு விதமாய் விளிம்பில் இருக்கிறது, அடைத்த குரல் விரலை எடுக்காமல் விடுவதில் இருக்கிறது. நாலு குரல். எங்களில் ஒரு ஆள் மூன்று மாதமாய் ஒரு பழைய மேசையில் இதைப் பழகி, இப்பதான் உள்ளங்கைக்கும் விரலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. இந்த நிலையில் ரெண்டு முரசு கிடைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடதில் டிங், வலதில் டொங், டிங், டொங். கலியாண வீட்டு மேடைகளில் பாதிக்குமேல் இதுதான். கை பழகாததை மறைக்கத்தான் ரெண்டாவது முரசு நிற்கிறது.

இந்த இடத்தில் சுருதி பற்றியும் ஒரு விசயம். பதினொன்றேமுக்காலை இறுக்கினால் அது கிந்தோவின் பக்கத்துக்குப் போகும், தளர்த்தினால் தும்பாவின் பக்கத்துக்கு இறங்கும். ரெண்டு பக்கமும் முழுதாய்ப் போகாது, ஆனால் ரெண்டு வாசலிலும் நின்று எட்டிப் பார்க்கும். பத்து அங்குலத்தைத் தளர்த்திப் பாருங்கள், தோல் தொங்கி ஈரச் சாக்கில் அடிக்கிற சத்தம்தான் வரும். நடுப்பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி வளைந்து கொடுக்கிற இயல்பு இருக்கிறது. ஒண்டு மட்டும் வாங்க வசதியுள்ள ஆக்களுக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இனி மூன்றாவது நியாயம். இதுக்குத்தான் எங்களுக்குக் கோபம் வந்தது, இந்தக் கட்டுரையே அதால்தான் எழுதப்படுகிறது.

எங்கட குழுவில் தாளம் பிசகாத ஆள் ஒருத்திதான். யாரைக் கேட்டாலும் அவளின் பெயரைத்தான் சொல்லுவார்கள். மேசையில் மூன்று மாதம் பழகினதும் அவள்தான். அவளும் இந்த நாலு பேரில் ஒருத்தி. எங்களுக்குச் சில நாள் பழக்கிவிட வந்த வெளியாள் ஒருவர், அனுபவம் உள்ள அண்ணைதான், கடையில் வைத்துச் சொன்னார்: "தங்கச்சிக்குக் கை சின்னன். பத்து அங்குலம் அளவாயிருக்கும். பெரிசைப் பொடியள் பாப்பாங்கள்." அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே. அங்கே நின்ற எங்கட ஆக்களும் தலையாட்டினார்கள். பத்து அங்குலம் வேணும் என்பதுக்கு வட்ஸ்அப்பில் விழுந்த வாக்குகளில் மூன்று "அவளுக்கு வசதி" என்ற குறிப்போடு விழுந்தவை. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கையின் அளவுக்கும் தோலின் விட்டத்துக்கும் இருக்கிற உறவு என்ன? திறந்த அடி அடிக்கும்போது உள்ளங்கையின் மேல் பகுதி விளிம்பில் இருக்கும், விரல்கள் மட்டும் தோலில் விழும். விட்டம் பத்தோ, பன்னிரண்டரையோ, கை விழுகிற இடம் விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளம்தான். முழுத் தோலையும் கையால் மூடவேணும் என்று ஒரு வாசிப்பும் இல்லை. உண்மையாய்ப் பார்க்கவேண்டியது உயரத்தை. கட்டையான ஆள் இருந்து வாசிக்கும்போது 30 அங்குலம் தோளைத் தூக்கிவிடும், கொஞ்ச நேரத்தில் கழுத்து நோகும். அதுக்கு 28 அங்குல உயரம் பார்க்கலாம், அல்லது முழங்கால்களுக்கு இடையில் பிடித்து முரசைச் சரித்து வாசிக்கலாம். சரிக்கவும்தான் வேணும்: அடிவாயை நிலத்தில் அப்பிவைத்தால் கீழ்க்குரல் வெளியே வர வழியில்லை. இந்தப் பிரச்சினை கட்டையான பொடியனுக்கும் உண்டு. ஆனால் அவனுக்கு ஒருவரும் பத்து அங்குலத்தைக் காட்டவில்லை.

பாரம் என்பார்கள். பாரம்தான். தூக்க ரெண்டு பேர் இருந்தால் நல்லது. கால்களோடு கட்டின சிவப்புச் சோடி மட்டும் பஞ்சா?

கியூபாவிலும் இந்தக் கதை இருந்தது, இருக்கிறது. புனிதமான பத்தா முரசுகளைப் பெண்கள் தொடக்கூடாது என்று நீண்டகாலம் விலக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் 1932இல், பெண்கள் மேடைக்கு வாத்தியம் தூக்கிக்கொண்டு வருவதே புதினமாய் இருந்த ஹவானாவில், காஸ்ட்ரோ சகோதரிகள் அனக்கவோனா என்ற முழுப் பெண்கள் இசைக்குழுவைத் தொடங்கினார்கள், தாள வாத்தியங்களையும் அவர்களே வாசித்தார்கள். அமெரிக்காவில் ஷீலா ஈ. இருக்கிறார், தகப்பன் பீட் எஸ்கொவிடோவின் கொங்காக்களைப் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு முன்னால் போய் நின்று "கை சின்னன், தங்கச்சி" என்று சொல்லிப் பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாய் எடுக்கிறோம் என்றால், அளவு தெரிவு செய்வது வேலை தெரிவு செய்வது. பத்து அங்குலத்தை அவளுக்கு என்று வாங்கினால், நாளைக்கு யாராவது பெரிய முரசு ஒண்டைக் கொண்டுவந்தவுடனே அடி அவனுடையதாகிவிடும், அவள் ஓரத்தில் கிலுக்குகிற ஆளாகிவிடுவாள். குழுவின் நடையைப் பிடித்து வைத்திருக்கிறது நடுமுரசு. அதில் அவள் இருக்கவேணும், ஏனென்றால் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவள் அவள்தான்.

காசுக் கதை கொஞ்சம். புதுச் சோடிக்குக் கடன் படவேணும். நீர்கொழும்புப் பக்கத்தில் பழைய பைலாக் குழு ஒன்றில் வாசித்த ஒருவரின் 11¾ அங்குலக் கொங்கா, தோல் மாற்றவேண்டிய நிலையில், எங்களிடம் இருக்கிற காசுக்குள் வருகிறது, கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. பார்த்துவிட்டோம், தட்டிக் கேட்டுவிட்டோம். உடம்பில் வெடிப்பு இல்லை. பலகைகளைப் பீப்பாய் போலச் சேர்த்து ஒட்டின உடம்பு, ஒட்டு எங்கேயும் விடவில்லை. திருகாணிகளில் கறள் இருக்கிறது, எண்ணெய் விட்டால் சுத்தும். சிவப்புச் சோடியில், கடையிலேயே, ஒரு திருகாணி இறுகாமல் சும்மா சுத்திக்கொண்டு நின்றது. அதை நாங்கள் காட்டினபோது "அது பரவாயில்லை" என்றார்கள். தோலை இழுத்துப் பிடிக்கிற ஒரே சாமான் அதுதான், வேறு என்ன பரவாயில்லை?

மாட்டுத் தோலோ எருமைத் தோலோ, எங்கட மழைக்காலத்தில் நெகிழத்தான் செய்யும், வெயிலில் இறுகும். வாசித்து முடிய ஒவ்வொரு திருகாணியையும் கொஞ்சம் தளர்த்திவிட வேணும், இல்லாவிட்டால் ஒரு நாள் தானாய்க் கிழியும். திருகாணி வருவதுக்கு முன்னால் தோலை ஆணியடித்து, நெருப்பில் காட்டிச் சூடாக்கித்தான் சுருதி ஏற்றினார்கள். பறையை வாட்டுகிற ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

பறை எண்டு சொன்னவுடனே ஒரு நண்பரின் கேள்வி ஞாபகம் வருகிறது: "எங்கட வாத்தியம் இருக்க உங்களுக்கு ஏன் கியூபாக்காரன்ர முரசு?" நல்ல கேள்வி, வேறு ஒரு நாளைக்கு முழுதாய்ப் பேசுவோம். இப்போதைக்கு இவ்வளவு: கிற்றாரையும் மரக்காஸையும் கொங்காவையும் தூக்கிக்கொண்டு கலிப்சோக் குழுக்கள் இந்த நாட்டில் பாடத் தொடங்கி அறுபது வருசத்துக்கு மேலாகிறது. எங்கட பொப் பாட்டுகள் அந்த வாசல் வழியாய் வந்தவை. கேள்வி கேட்ட நண்பர் வயலின் வாசிக்கிறார் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

ரெண்டாவது முரசே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த வருசம் காசு சேர்ந்தால் 12½ அங்குலத் தும்பாவை வாங்குவோம். கொங்காவை ஷட்ஜத்தில் வைத்து, தும்பாவை அதுக்குக் கீழே இருக்கிற பஞ்சமத்தில் இறக்கினால், அப்போ அது சோடி. பதினொன்றும் பதினொன்றேமுக்காலும் சேர்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் பிழை என்று சொல்லமாட்டோம், நடுப்பிள்ளை அங்கே இருக்கிறது. தனியாய் மேலே பறக்க ஆசைப்படுகிற ஆளுக்கு கிந்தோ மூன்றாவதாக வரட்டும். பத்து அங்குலம் வாங்குகிற நாள் எங்களுக்கு வருமா தெரியாது.

ஏழு பேரிடமும் கேட்பது ஒண்டுதான். வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் பழைய கொங்காவை ஒரு மணித்தியாலத்துக்குக் கடனாய்ப் பீடத்துக்குக் கொண்டுவருகிறோம். கன்ரீனுக்குப் பின்னால் இருக்கிற மரத்தடி. கிற்றாரோடு வாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு வாசித்துப் பாருங்கள், பிறகு திரும்ப வாக்குப் போடுங்கள். அவள்தான் வாசிப்பாள்.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுபதுகளில் பொப் குழுக்களில் வாசித்த மாமாமார், சித்தப்பாமார் உங்கட வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சேர்ச் மண்டபத்தின் பின்னறையிலோ, பரணிலோ, நெல்லு மூட்டைக்குப் பக்கத்திலோ வாய் அகன்ற ஒரு முரசு கவிழ்ந்து கிடக்கலாம். தோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விட்டத்தை அளந்து சொல்லுங்கள். பன்னிரண்டரை எண்டால் நாங்கள் பஸ் ஏறி வருகிறோம்.